கடைசி வரிசைக்குக் கேட்ட சவரம்

அந்த நாடகக் குழுவில் அவனுக்குச் 'சரிங்கய்யா' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பொருந்தவில்லை என்று யாரும் சொன்னதுமில்லை. சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்த வேடங்கள் வாயில்காப்போன், தபால்காரன், பணியாள், இன்னொரு பணியாள். தட்டோடு வருவான், அல்லது தட்டில்லாமல் வருவான், "சரிங்கய்யா" என்பான், போய்விடுவான். ஒரே ஒரு நாடகத்தில் "சரிங்கம்மா" என்று எழுதியிருந்தது. அதையும் வாய்ப்பழக்கத்தில் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கதாநாயகியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பகலில் அவன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்ப்பவன். ஊரில் பாதிப் பேர் பேப்பர் படிப்பது அவன் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான். ஆனால் யாரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். மேடையிலும் அவன் கதை அதுவேதான்.

குழுவின் நிரந்தரக் கதாநாயகர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவருக்கு 'முழக்கம்' என்று பெயர். வரி அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. "அந்த ஃபைல் எங்கே?" என்று அவர் கேட்டால் ஃபைல் தானாகவே எழுந்து வந்துவிடும் என்று கீழே வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் உப்புக் கேட்பதும் அதே குரலில்தான். பக்கத்து வீட்டில் உப்பு எடுத்து வைப்பார்கள். மேடையில் அவர் எத்தனையோ முறை செத்திருக்கிறார். வாளில், விஷத்தில், மகனின் துரோகத்தில். ஒவ்வொரு சாவுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். ஆண்டுவிழாக் கூட்டங்களில், கலைக்காக இந்த உடம்பிலிருந்து கடைசிச் சொட்டு ரத்தத்தையும் தருவேன் என்று பேசுவார். முதல் சொட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே இயக்குநர். தோளில் சால்வை, வாயில் 'உண்மை'. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட "இதுல உண்மை இல்லையே" என்பார். இந்த வருஷத்து நாடகத்தை அவரே எழுதியிருந்தார். ஒரு கொடுங்கோல் பிரபுவின் கதை. இரண்டாம் காட்சி முழுக்கப் பிரபுவுக்குக் காலைச் சவரம் நடக்கிறது. நாற்காலியில் சாய்ந்தபடி பிரபு, தன்னைத் தொடும் துணிவு இந்த நாட்டில் எவனுக்கு உண்டு என்று பக்கம் பக்கமாக முழங்க வேண்டும். அதைச் சொல்லும் நேரமெல்லாம் ஒருவன் அவர் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறான் என்ற வேடிக்கை எல்லாருக்கும் தெரிந்தது, எழுதியவரைத் தவிர. சவரத்தை அவர் வைத்ததே, இவ்வளவு நீள வசனத்துக்குப் பிரபு சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காது என்பதற்காகத்தான்.

சவரம் செய்பவனுக்கு ஒரு சொல்கூட இல்லை. வேடம் சரிங்கய்யாவுக்குப் போயிற்று. இருந்த ஒரு வசனமும் போய்விட்டதே என்று மற்றவர்கள் அவனுக்காக வருத்தப்பட்டார்கள். அவன் அன்று இரவு அக்காவிடம் வந்து, தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"காட்சி முழுக்க நான் மேடையிலேயே இருக்கேன்க்கா. நடுவுல. கையில வேலையோட. போன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

கத்தியை இயக்குநர் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். மடக்கும் சவரக்கத்தி, கறுத்த கொம்புப் பிடி. முதல் ஒத்திகையில் அது நூறு வருஷத்துக் கத்தி. அடுத்ததில் ஒரு தளபதியுடையது. அதற்கடுத்த வாரம் அரச பரம்பரையைச் சேர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு ஒத்திகை நடந்திருந்தால் அதற்கு ஒரு கோவில் கட்ட வேண்டியிருந்திருக்கும். அட்டைக்கத்தி, மழுங்கிய கத்தி எதுவும் கூடாது, உண்மையான கத்தி, உண்மையான நுரை, உண்மையான தாடி என்று உத்தரவு. அதற்காக முழக்கம் சவரம் செய்வதை நிறுத்திக்கொண்டு, அலுவலகத்தில் யார் கேட்டாலும் "நான் இப்ப பாத்திரத்துக்குள்ள இருக்கேன்" என்றார்.

தீட்டும் தோல்வார் எதிர்த்தெரு சலூனிலிருந்து வந்தது. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று சரிங்கய்யா சலூன்காரரைக் கேட்டபோது அவர் கொஞ்சம் நெளிந்தார். அது கண்ணாடி வாங்கியபோது அலங்காரத்துக்கு வாங்கியதாம். நாங்கள் எல்லாம் பிளேடை உடைத்து மாட்டி, முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள், அதைத் தொட்டதே இல்லை, ஆனால் வாடிக்கையாளர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். கடைப் பெயரை மேடையில் ஒரு முறை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு கழற்றிக் கொடுத்தார்.

இயக்குநருக்கு அந்தத் தோலில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சத்தம். பிரபு நாற்காலியில் சாய்ந்ததும் கத்தியைத் தோலில் தீட்டும் சத்தம் பட், பட், பட் என்று கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். தோலை இறுக்கிப் பிடித்தால் சத்தம் வராது. தொய்வாக விட்டு ஓங்கி அடித்தால்தான் வரும். "அப்படித்தான், அப்படித்தான்" என்று அவர் கீழேயிருந்து கையாட்டுவார். "அந்த அடியிலதான் உண்மை இருக்கு!" சரிங்கய்யா அடித்தான். அவனுக்கென்ன தெரியும், அவன் கண்ணாடி தேய்ப்பவன்.

முழு உடையோடு நடந்த ஒத்திகையில் முதல்முறையாக நுரை தடவி, கத்தியைத் தாடையில் வைத்து, இழுத்தான். கத்தி போகவில்லை. மயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். மழுங்கிய கத்திக்கு அழுத்தினால்தான் ஆயுதம் என்ற நினைவு வரும். அது சட்டென்று ஒரு இடத்தில் தாவியது. நுரையில் சிவப்பாக ஒரு புள்ளி, கடுகளவு.

அரங்கமே இடிந்து விழுந்ததோ என்று வெளியே டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். வாளால் குத்தியபோதும் விஷம் வைத்தபோதும் முழக்கம் இப்படி ஒரு ஓசையை எழுப்பியதில்லை. வழக்கமாகச் சாவதற்கு முன் அவர் சொல்லும் வசனம் எதுவும் வரவில்லை. "அம்மா" என்று மட்டும்தான் வந்தது. பஞ்சு கேட்டார், டாக்டர் கேட்டார், கத்தியின் துரு எத்தனை வருஷத்துத் துரு என்று கேட்டார். அரச பரம்பரைத் துரு என்று சொல்ல இயக்குநருக்கே தைரியம் வரவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் இயக்குநர் சரிங்கய்யாவைத் தனியாக அழைத்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: இந்தக் காட்சியை மாற்றிவிடலாம். சவரம் வேண்டாம். நீ ஒரு துண்டோடு வா. பிரபு போ என்பார். நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடு. என்ன வார்த்தை என்று அவன் கேட்கவில்லை.

நாடகம் அரங்கேற ஒரு வாரம் இருந்தது. அதற்குள் கத்தியைச் சரிசெய்து காட்டுகிறேன், இல்லாவிட்டால் துண்டோடு வருகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். குழுவில் அவன் தானாக வாயைத் திறந்து எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் இயக்குநர் சரி என்றுவிட்டார்.

*

அவன் குடியிருப்பது அக்கா வீட்டு மொட்டைமாடி அறையில். அங்கே குழாய் இல்லை. அதனால் வேலை அக்காவின் சமையலறைத் தொட்டியில் ஆரம்பித்தது. முரட்டுக் கல், நடுத்தரக் கல், வெண்ணெய் போன்ற ஒரு கல், மூன்றையும் நனைத்து வரிசையாக வைத்தான். கல் குழிந்திருந்தால் கத்தியும் குழியும் என்று கண்ணாடி தேய்ப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடித்த கண்ணாடிப் பலகையில் ஈர உப்புத்தாளை ஒட்டி, மூன்று கல்லையும் முதலில் மட்டம் செய்தான்.

பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக் கத்தியின் வெட்டும் வாயைப் பார்த்தான். நேர்கோடு என்று நினைத்துக்கொண்டிருந்தது மலைத்தொடராக இருந்தது. அதிலும் எல்லா மலையும் உச்சி மழுங்கி, உருண்டு, குழைந்துபோன மலை. இதை வைத்துக்கொண்டா மாமா கழுத்துப் பக்கம் போனோம் என்று பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைத்தான். எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கோணம் அளக்கத் தயாராகத்தான் இருந்தான். கண்ணாடி வேலையில் கோணம்தான் எல்லாம். ஆனால் படுத்த கத்தி அப்படியே நின்றது. அதன் முதுகு கல்லைத் தொட்டது, வாய் கல்லைத் தொட்டது, நடுவில் குழிந்த உடம்பு எதையும் தொடவில்லை. கையை எடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதுகின் தடிமன்தான் வாயின் கோணம். தேய்க்கத் தேய்க்க வாயோடு முதுகும் சேர்ந்து தேயும். எத்தனை வருஷம் தேய்த்தாலும் கோணம் மாறாது. இதைச் செய்தவன், யாரோ, எப்போதோ, எவனோ ஒருவன் சமையலறையில் ஒன்றும் தெரியாமல் வந்து நிற்பான் என்று எண்ணி, அவனுக்கு வேண்டிய விடையை இரும்புக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தளபதியும் அரசரும் எதற்கு? அந்தக் கத்திக்கு அவ்வளவு பெருமை போதும்.

"என்னடா, கல்லைப் பாத்து கும்பிடுறியா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"இங்க பாருக்கா. இது தானே படுக்குது."

"நீயும்தான் தானே படுக்குற. தொட்டிய விடு, பாத்திரம் கிடக்கு."

வாய் முன்னே போக, கல்லைச் சீவி எடுப்பதுபோலத் தள்ளினான். நுனியில் முதுகின்மேல் புரட்டி, மறுபக்கத்தால் திரும்ப வந்தான். ஆரம்பத்தில் கரகரத்தது. கறுப்பு நீர் ஓடி அக்காவின் தொட்டியைச் சாக்கடை ஆக்கியது. கல் மாறியது, கரகரப்பு சிணுங்கலாயிற்று. கடைசிக் கல்லில் கையின் கனத்தைக்கூட எடுத்துவிட வேண்டியிருந்தது. கத்தி தன் கனத்தோடு மட்டும் போயிற்று. ஒரு கட்டத்தில் கல் கத்தியை லேசாக உறிஞ்சிப் பிடித்தது, ஈரக் கண்ணாடி இன்னொரு ஈரக் கண்ணாடியைப் பிடிப்பதுபோல.

பூதக்கண்ணாடியில் பார்த்தான். மலைகளைக் காணோம். இரண்டு சாய்வுகள் மேலேறி வந்து, சந்திக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழுங்கிய வாயில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக உட்கார்ந்திருக்கும். இதில் வெளிச்சத்துக்கு உட்கார இடமில்லை. இரும்பு முடியும் இடம் தெரிந்தது, காற்று தொடங்கும் இடம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க அவன் கடையில் இருந்த எந்தக் கண்ணாடியாலும் முடியாது.

அக்காவின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் மேல் இறக்கினான். முடி வெட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. கீழ்ப்பாதி தன்னிஷ்டத்துக்கு விலகிப்போவதுபோலப் போய் விழுந்தது. சத்தமில்லை, தடையில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கரண்டியை நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை செய்."

செய்தான். அவள் சீப்பிலிருந்து தானே ஒரு முடியை எடுத்து நீட்டினாள். பிறகு இன்னொன்று. குழம்பு அடிப்பிடித்தது. அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை.

இவ்வளவு நன்றாக வந்ததே என்று, மேடையில் செய்வதுபோலவே தோல்வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, பட் பட் என்று நன்றாக நாலு அறை அறைந்தான். மறுபடி முடியை இறக்கினான். முடி வளைந்து, கத்தியின் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

கல் சரியில்லை என்று நினைத்தான். மறுநாள் மாலை கடைசிக் கல்லில் மீண்டும் ஆரம்பித்தான். முடி விழுந்தது. தோலில் அறைந்தான். முடி வழுக்கியது. அதற்கடுத்த நாளும் அதே கதை. கல் கொடுப்பதைத் தோல் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு இது பிடிபடவே இல்லை. தூக்கம் போயிற்று. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண்ணாடியை வலதுபக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டான். அவர் அதையும் போட்டுக்கொண்டு, உலகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் வெளிச்சமானது அக்காவின் தலைவலியால். அன்று அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

"டேய், உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தச் சத்தம் வராம உன்னால தேய்க்கவே முடியாதா? ஒரு வீட்டுக்கு ஒரு முழக்கம் பத்தாதா?"

அக்காவுக்காகத் தோலை இறுக்கினான். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை இடது கைப்பிடியில், இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக. கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, மெல்ல இழுத்தான். முனை வந்ததும் முதுகின்மேல் புரட்டித் திரும்ப வந்தான். சத்தமே வரவில்லை, தூங்கும் குழந்தை மூச்சு விடுவதுபோல ஒரு 'ஸ்ஸ்' மட்டும். முடியை எடுத்து இறக்கினான்.

கல்லில் இருந்து எடுத்தபோது முடி விழுந்தது. இப்போது விழுந்ததா என்றே தெரியவில்லை. விரலில் பாதி முடி இருந்தது, மறுபாதி தரையில் இருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

அப்போதுதான் புரிந்தது. தொய்ந்த தோலில் அறையும்போது தோல் குழைந்து வாயைச் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு அடியும் அந்த இல்லாத விளிம்பை உருட்டி ஒரு இருக்கும் விளிம்பாக்கி விடுகிறது. இத்தனை வாரமும் இயக்குநரின் உண்மை, பட் பட் என்று கத்தியை மழுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

அவன் கத்தியை மடக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். தான் செய்த ஒன்றின் அருகில் நிற்கவே கூச்சமாயிருந்தது. தலைவலிக்காரி எழுந்து வந்தாள். அவளும் தள்ளியே நின்றாள்.

"உன் மூஞ்சியில முதல்ல காட்டு" என்றாள் கடைசியில். "அப்புறம்தான் அவர் மூஞ்சிய நான் தருவேன்."

காட்டினான். நுரை இருந்த இடத்தில் கத்தி போன பிறகு நுரை இல்லை, தாடி இல்லை, சிவப்பும் இல்லை. கத்தி தொடுவதே தெரியவில்லை என்றும், குளிர் மட்டும் ஒரு கோடாக இறங்குகிறது என்றும் சொன்னான். அக்கா அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படித் தொட்டதில்லை.

முழக்கத்தைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். முதலில் அவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, இந்தத் தொண்டை தனக்கு மட்டும் சொந்தமில்லை, கலையுலகத்துக்கும் சொந்தம் என்று ஆரம்பித்தார். அக்கா நிதானமாகச் சொன்னாள்:

"பயமா இருந்தா விட்டுடுங்க. ஆபீஸ்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன், மச்சான் கைக்கு பயந்துட்டார்னு."

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மார்பு விரிந்தது. ஆனால் வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாமே என்றபோது, கலைஞன் ஒரு அனுபவத்தை மேடையில்தான் முதலில் சந்திக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஒரு கீறல், ஒரே ஒரு கீறல் பட்டுச்சு, அப்புறம் நீ மாடியிலேயே சமைச்சுக்கோ."

*

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வரி அலுவலகத்தார்; வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் அக்கா. கடைசி வரிசையில், இலவச அனுமதியில் எல்லா நாடகத்துக்கும் வந்து எல்லா நாடகத்திலும் தூங்கும் பெரியவர். முழக்கத்தின் குரல் இருந்தால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார்.

திரைக்குப் பின்னால் இயக்குநருக்கும் சரிங்கய்யாவுக்கும் சின்ன வாக்குவாதம். வாக்குவாதம் என்றால் இயக்குநர் வாதித்தார். சத்தம் இல்லாமல் தீட்டினால் அது தீட்டுவதே இல்லை, ஜனங்களுக்கு என்ன தெரியப்போகிறது, காதுக்குத் தெரிய வேண்டாமா? சத்தம் வந்தால் மாமா கழுத்தில் ரத்தம் வரும் என்று சரிங்கய்யா சொல்லிப் பார்த்தான். இயக்குநர் யோசித்தார். உண்மையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, கதாநாயகரை விட்டுக்கொடுக்கவும் வழியில்லை. கடைசியில் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். நீ அங்கே உன் பாட்டுக்குத் தேய், நான் இங்கே பக்கத் திரைக்குப் பின்னால் நின்று இந்த பெல்ட்டைப் பெஞ்சில் அடிக்கிறேன், உண்மை தானாக வரும் என்றார். ஒரு கையில் பெல்ட்டும், மறுகையில் கால்சட்டையின் இடுப்புமாகப் போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் காட்சி. பிரபு நாற்காலியில் சாய்ந்தார். அரங்கத்தில் இருமல், செல்போன், நொறுக்குத் தீனிப் பொட்டலம். சரிங்கய்யா தோல்வாரை நாற்காலிக் கொக்கியில் மாட்டி இழுத்தான். தோல் விறைத்தது. கத்தியை விரித்தான். விளக்கு அதன் உடம்பில் ஒருமுறை மின்னி, வாய்க்கு வந்ததும் காணாமல் போயிற்று. முதுகு முன்னே, வாய் பின்னே. புரட்டல். வாய் பின்னே.

முதலில் முன்வரிசைக்காரர்கள் மட்டும் பேச்சை நிறுத்தினார்கள். என்ன கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஆனால் எதையோ கேட்கக் காதைத் தீட்டினார்கள். அவர்கள் அடங்கியதால் பின்னாலிருந்தவர்கள் அடங்கினார்கள். பொட்டலங்கள் அடங்கின. இருமல்காரர் இருமலை விழுங்கினார். எந்த அவசரமும் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்த அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள். 'ஸ்ஸ்.' புரட்டல். 'ஸ்ஸ்.' கடைசி வரிசைப் பெரியவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். இவ்வளவு அமைதியில் அவரால் தூங்க முடியவில்லை.

பக்கத் திரைக்குப் பின்னால் இயக்குநர் பெல்ட்டை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அடிக்க மறந்துவிட்டார். மறுகையும் எதையோ பிடித்திருக்க வேண்டும் என்பதை மறந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் பார்க்க அரங்கத்தில் ஒருவருக்கும் நேரமில்லை.

நுரை தடவினான். முழக்கம் மூச்சை இழுத்து, மார்பை விரித்து, எல்லாருக்கும் தெரிந்த அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

"இந்த நாட்டில் என்னைத் தொடும் துணிவு—"

கத்தி அவர் காதுக்குக் கீழே வந்து தொட்டது.

வசனம் அங்கேயே நின்றது. கத்தி இறங்கியது. பல வாரத் தாடி அறுபடும் ஓசை, வறண்ட மணலின்மேல் யாரோ மெல்லிய துணியை இழுப்பதுபோல, முன்வரிசையைத் தாண்டி, நடுவரிசையைத் தாண்டி, கடைசி வரிசைச் சுவர் வரை போயிற்று. ஒலிபெருக்கி இல்லை. அத்தனை பேரின் மூச்சும் நின்றதால் அதற்கு வழி கிடைத்தது. வசனம் எடுத்துக் கொடுப்பவர் "எவனுக்கு உண்டு, எவனுக்கு உண்டு" என்று திரைக்குப் பின்னால் கிசுகிசுத்துப் பார்த்து, தன் குரலே தனக்கு அநாகரிகமாகப் பட்டதால் நிறுத்திக்கொண்டார்.

கன்னம் முடிந்தது. இனிக் கழுத்து. சரிங்கய்யா இரண்டு விரலை மாமாவின் தாடைக்கு அடியில் வைத்து, மெல்ல மேலே தூக்கினான். முழக்கத்தின் கண்கள் உருண்டு அவனைப் பார்த்தன. பல வருஷமாக ஒரே வீட்டில் சோறு தின்றவர்கள்; அவர் அவனை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். உதடு அசைந்தது. பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும் குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"சரிங்கய்யா" என்றார் முழக்கம்.

தொண்டை முடிச்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அது இறங்கும்வரை கத்தி காத்திருந்து, பிறகு அதன்மேல் இறங்கியது. நுரையைத் துண்டில் துடைத்தான். மறுபடி. மறுபடி. வெள்ளைத் துண்டில் வெள்ளை நுரை மட்டும். கடைசியில் கத்தியைத் துடைத்து மடக்கினான். அந்த 'க்ளிக்' ஒலிக்கு அரங்கம் முழுதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. சவரக்காரன் போய்விட்டான். போ என்று யாரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய பிரபு கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டுவதா எழுந்து நிற்பதா என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டையும் செய்தார்கள்.

ஐந்தாம் காட்சியில் மந்திரி வந்து, எழுதியிருந்தபடியே, இன்று காலை நீங்கள் முழங்கியதை ஊரே கேட்டது என்றார். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. பிரபு பேசாத அந்தக் காட்சியில் ஒரு நாட்டின் பயம் முழுதும் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அந்த வசன வெட்டைப் பல மாதம் முன்பே திட்டமிட்டிருந்ததாக இயக்குநர் சொன்னார். வசனத்தை விடுவது அந்த நொடியில் தான் எடுத்த துணிச்சலான முடிவு என்று முழக்கம் சொன்னார். சலூன்காரருக்குக் கடைப் பெயரைச் சொல்லவில்லையே என்று மட்டும் வருத்தம்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா கேட்டாள். "கழுத்த தூக்கினப்ப உதடு அசைஞ்சுதே, என்ன சொன்னீங்க?"

முழக்கம் சாம்பாரைக் குனிந்து பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். கையிலிருந்த கவளம் பாதி வழியில் நின்றது.

"மாமா வசனத்தைத்தான்க்கா மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டார்" என்றான் தம்பி. "பெரிய நடிகருங்க அப்படித்தான்."

கவளம் வாய்க்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து முழக்கம், தன் வாழ்நாளில் முதல்முறையாக, உப்பை மெல்லக் கேட்டார். பக்கத்து வீட்டில் அன்று அவர் உடம்புக்கு ஏதோ என்று பேசிக்கொண்டார்கள்.

தாடி மறுபடி வளர ஒரு வாரம் விட்டு வைத்த இரண்டாம் நாள் நாடகத்துக்குக் கூட்டம் இன்னும் அதிகம். இப்போது அந்த மௌனம் முழக்கத்தின் சொத்து. அதை எப்படிச் செய்வது என்று கண்ணாடி முன்னால் நின்று வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் புருவத்தை உயர்த்தினார், இறக்கினார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. பேசாமலிருப்பதைக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி செய்தார். பெரியவர் வசதியாகச் சாய்ந்து கண்ணை மூடினார்.

சரிங்கய்யா தோலை இறுக்கினான். 'ஸ்ஸ்.' புரட்டல். 'ஸ்ஸ்.' நுரை தடவினான். முழக்கத்தின் புருவம் இன்னொரு தடவை மேலேறிக்கொண்டிருந்தது. கத்தி காதுக்குக் கீழே தொட்டது.

புருவம் ஏறிய இடத்திலேயே நின்றது. மார்பு நின்றது. நடிப்பு எங்கோ போய்விட்டது. நாற்காலியில் கழுத்துள்ள ஒரு மனிதன் மட்டும் இருந்தான். அரங்கத்தில் மீண்டும் அந்த மணல் ஓசை ஆரம்பித்தது. கடைசி வரிசையில் பெரியவர் கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.